மீதியைச் சொல்லவில்லை

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் மட்டும் டயர் கடை மாடியில் இருந்த ஒரு சங்கத்துக்குப் போவேன். பள்ளியை விட்டு நழுவுகிற பிள்ளைகள், போலீஸ் நிலைய வாசலை ஒருமுறை மிதித்துவிட்ட பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் துணையாக நிற்கிற சங்கம். யாருக்கும் சம்பளம் கிடையாது. இரண்டு அறை, முனகும் மின்விசிறி, கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் நாற்றம். நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ், நர்ஸம்மா என்போம். நான் சேர்ந்த அன்றே அவர் சொன்னார்:

"பிள்ளைங்க உன்னை நம்பிச் சொல்றது உன்னோட இருக்கணும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் என்கிட்ட வா. பெத்தவங்களே கேட்டாலும் வாயைத் திறக்காதே."

தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

எனக்குக் கிடைத்த முதல் குடும்பம் ஒரு தாயும் மகளும். தாய் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். மகளுக்குப் பதினைந்து வயது. ஓரிடத்தில் உட்காராமல் துள்ளுவாள் என்பதால் வீட்டிலும் வெளியிலும் பட்டாணி. அப்பா லாரி பேட்டரி திருடிவிட்டு இரண்டு வருடம் ஜெயிலில் இருந்தவர். "உங்கப்பன் செத்துட்டான்னு நினைச்சுக்கோ" என்று தாய் சொல்லிவிட்டிருந்தாள். இப்போது பட்டாணி வியாழக்கிழமை மத்தியானம் தோறும் வகுப்பிலிருந்து மறைந்துவிடுகிறாள் என்று பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம். எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து வாரம் அவள் என்னிடம் ஊர்க்கதை எல்லாம் பேசினாள். "எங்க கணக்கு வாத்தியாருக்கு ஒட்டுமுடி அக்கா. ஃபேன் போட்டா ஒரு கையால தலையைப் பிடிச்சுக்கிட்டேதான் பாடம்!" வியாழக்கிழமை பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நானும் துருவவில்லை. ஆறாவது வாரம், பஸ் நிறுத்தத்தில், தானாகவே சொன்னாள்.

"எங்கப்பாவைப் பார்க்கப் போறேன்க்கா. வெளிய வந்து ஏழு மாசமாச்சு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மரக்கடைல வேலை. வியாழக்கிழமை முதலாளி இருக்க மாட்டார்."

"என்ன பேசுவீங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. பலகை மேல உட்காருவோம். ஒரு வருஷம் ஒழுங்கா இருந்து காட்டிட்டு அவரே அம்மாகிட்ட வந்து பேசறேன்னிருக்கார். இன்னும் அஞ்சு மாசம்தான். அடுத்த மாசம் அம்மாவுக்கு சாயங்கால ஷிஃப்ட். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டதுக்கு அப்புறமே அப்பாவைப் பார்க்கப் போயிடுவேன், கட் அடிக்க வேண்டாம். அதுவரைக்கும் சொல்லாதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது பட்டாணி கடைக்குப் போயிருந்தாள். தாய் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுகளில் இஸ்திரிச் சூடு பட்ட தழும்புகள்.

"வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். "எவனோடயாவது சுத்துறாளா, ஏதாவது கெட்ட பழக்கமா? உங்களுக்குத் தெரியும். உங்க முகமே சொல்லுது. கூடப் பிறந்தவளா நினைச்சுக் கேட்கிறேன்."

ஆபத்து எதுவும் இல்லை, தைரியமா இருங்க என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். என்னைக் கூடப் பிறந்தவள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தைக்கு நான் உருகிப்போனேன் என்பதுதான் நிஜம். மற்றதெல்லாம் பிறகு நானே தேடிக்கொண்ட சமாதானம்.

"கெட்டது ஒண்ணும் இல்லீங்க. அவங்கப்பாவைத்தான் மரக்கடைல போய்ப் பார்க்கிறா."

நிம்மதிப் பெருமூச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை விட்டுவிட்டு, மடித்த தலையணை உறையை உதறி மறுபடி மடித்தாள். "அப்படியா" என்றாள். அதற்குள் படியில் பட்டாணியின் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சு நின்றது.

திங்கட்கிழமை தாய் மரக்கடைக்குப் போய், அத்தனை பேர் நடுவில் அவரைத் திருடன் என்று கத்தியிருக்கிறாள். அவர் ஜெயிலில் இருந்த விஷயம் முதலாளிக்கு அதுவரை தெரியாது. அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை பட்டாணி போனபோது பலகைகள்தான் இருந்தன. ஏதோ லாரியில் ஏறிப் போனார், எந்த ஊர் என்று தெரியாது என்றார்களாம்.

சனிக்கிழமை அவள் சங்கத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அம்மா கேட்டாங்களா, நீங்களா சொன்னீங்களா?"

"கேட்டாங்க. நான் நல்லதுன்னு நினைச்சு…"

"உங்களைக் குறை சொல்லலக்கா. உங்ககிட்ட சொன்னது என் தப்பு."

அவ்வளவுதான். ஒவ்வொரு படியாக, துள்ளாமல், இறங்கிப் போனாள். பிறகு வரவே இல்லை.

நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இனிமே நீ ஆபீஸ் வேலையை மட்டும் பார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. இருவருமாக மரக்கடைகள், லாரி ஷெட்டுகள் என்று ஒரு மாதம் அவரைத் தேடினோம். துப்பு கிடைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று அந்தத் தாய் எங்கள் கடைக்கு வந்தாள். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. பட்டாணி பள்ளியை முடித்துவிட்டு வெளியூரில் வேலையில் இருக்கிறாளாம்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. நல்லா இருக்கியான்னா, நல்லா இருக்கேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டா." பிறகு கேட்டாள்: "அஞ்சு மாசம் பொறுத்திருந்தா அவரே வந்து பேசியிருப்பாராமே. ஒரு தரம் கோபத்துல சொன்னா. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதை ஏன் சொல்லல?"

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். ரகசியத்தை உடைத்தவள் முழுசாகவாவது உடைத்திருக்கலாம்.

"சொல்லியிருந்தாலும் போய்க் கத்தியிருப்பேனோ என்னவோ" என்றாள் அவளே. "ஆனா யோசிச்சிருப்பேன். ஒரு நாளாவது யோசிச்சிருப்பேன்."

"அவ போன் பண்ணா, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுவீங்களா?" என்றேன்.

"நான் கேட்ட மன்னிப்புக்கே அவ இன்னும் பதில் சொல்லல" என்றாள். "உங்களோடதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்?"

செவ்வாய்க்கிழமை வந்து கண்ணாடியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சரி என்று ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.