கழுவக் கூடாத நுரை

2018 டிசம்பர் 22 அன்று மாலை, ஒசாகாவின் இகுனோ பகுதியில் உள்ள மாட்சுகாஸே பொதுக் குளியலகம் திறந்தபோது ஆண்கள் தொட்டி, பெண்கள் தொட்டி இரண்டிலும் யுசு நாரத்தைகள் மிதந்தன.

ஆண்டின் மிக நீண்ட இரவில் யுசு மிதக்கும் வெந்நீரில் குளிப்பது அங்கே வழக்கம் என்பதால் கூட்டம் அதிகம். கல்லா மேசையில் இட்சுகோ வாடகைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூனையை ஊருக்கு அனுப்ப அவள் வாங்கிய மூங்கில் கூடை இருந்தது. பதினான்கு வயதான பூனை தாபியின் முதுகிலிருந்து உதிரும் பொடுகு துண்டுகளில் ஒட்டுகிறது என்று இரண்டு பெண்கள் முறையிட்டிருந்தார்கள். புத்தாண்டுக்குள் சரியாகாவிட்டால் தாபி வாகயாமாவிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகும் என்று கணவன் கியோஷியிடம் சொல்லிவிட்டாள்.

கியோஷியும் சும்மா இருக்கவில்லை. கடை மூடியதும் தினமும் தாபியை வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தான். பொடுகு கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த வாரம்தான் கால்நடை மருத்துவர் அயுசாவாவிடம் தூக்கிக்கொண்டு போனான்.

"தினமுமா குளிப்பாட்டுறீங்க?" என்றாள் அவள்.

"நாங்க குளியல் கடைக்காரங்க, டாக்டர்."

"அதுக்குப் பூனை என்னங்க பண்ணும்? வயசாகி இடுப்பு வலி வந்துடுச்சு, வாலடிக்கு நாக்கு எட்டலை. அதான் அங்க பிசுபிசுன்னு இருக்கு. நீங்க தேய்க்கத் தேய்க்க மத்த எடமெல்லாம் காஞ்சு உரியுது."

வலிக்கு மருந்து கொடுத்தாள். வாரம் ஒரு முறை பிடரியில் விடச் சொட்டு மருந்தும், வாலடியில் தடவ நுரை மருந்தும் தந்தாள். நுரையைக் கழுவக் கூடாது, காயும்வரை நக்க விடக் கூடாது. சோப்பு வேண்டாம், யுசு பூனைக்கு ஆகாது, கிட்டவே வரக் கூடாது என்றாள்.

22ஆம் தேதி மாலை கியோஷி நுரையைத் தடவி, காயும்வரை தாபியை மடியில் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தான். முடி ஈரத்தில் திரிதிரியாக நின்றது. கழுவிவிடக் கை பரபரத்தது.

மீன் கடை நிஷிதே இடுப்பில் துண்டோடு வந்து பார்த்தார். "டேய் கியோஷி, இந்தக் கடையிலயே அழுக்கா இருக்கறது உன் பூனை ஒண்ணுதான்டா."

"கழுவக் கூடாதாம் அண்ணே."

"யாரு சொன்னா? இந்தா, யுசுவைப் பிழிஞ்சு ஒரு தேய் தேய். பளபளன்னு ஆயிடும்." தொட்டியிலிருந்து எடுத்து வந்த பழத்தை நீட்டினார்.

கியோஷி எழுந்திருக்கும் முன் இட்சுகோ எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நிஷிதே அண்ணே, முதல்ல உங்க முதுகைத் தேய்ங்க. இங்க வரைக்கும் மீன் நாத்தம் வருது."

ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. அவள் பொடுகு படாதபடி துண்டு அடுக்கை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்தாள்.

புத்தாண்டு வந்தது. பொடுகு குறைந்திருந்தது, நிற்கவில்லை. வாகயாமா பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிப்ரவரி நடுவில் துண்டுகள் பழைய இடத்துக்குத் திரும்பின. மூங்கில் கூடையில் இட்சுகோ இப்போது வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போகும் சீப்புகளைப் போட்டு வைக்கிறாள்.