அந்தத் தெருவுக்கு மட்டும் தெரிந்த வட்டி

மத்திய வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு ஒரே வேலைதான். வட்டியை ஏற்றினால் விலைவாசி எவ்வளவு அடங்குகிறது என்று அளப்பது. கேட்க எளிது. ஆனால் விலை ஏறப்போகிறது என்று பயந்துதான் வங்கி வட்டியையே ஏற்றும். கணக்கைப் பார்த்தால் வட்டி ஏறியதால்தான் விலை ஏறியது போலத் தெரியும். குடை விரித்ததால் மழை வந்தது என்கிற கதைதான். ஆகவே யாரும் எதிர்பாராத மாற்றங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் விளைவை அளக்க வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு வட்டிக் கூட்டத்துக்கும் முன்னால் கடைக்காரர்களுக்குப் போன் செய்து, ஏறுமா இறங்குமா என்று கேட்போம். எங்களுடையது கையகல நாடு. மொத்தமே நாலைந்து கடைத்தெருக்கள். தவணையில் ஃப்ரிட்ஜ் விற்கும் என் கணவரின் கடையை முதல் நாளே விலக்கிவிட்டேன். பக்கத்துக் கடைகளை விலக்கத் தோன்றவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

இந்த வருடம் என் கணவரின் கடை இருக்கும் தெரு மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லியிருந்தது. என் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் ஏதாவது பேசினீர்களா என்று மெதுவாகக் கேட்டார். முடிவு முன்கூட்டியே தெரிந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. மறுநாளைக்குள் காரணம் சொல்லாவிட்டால் கூட்ட அறையில் எனக்கு இடமில்லை. இத்தனை நாள் ஆராய்ச்சியும் குப்பைக்குப் போகும். நானோ வீட்டில் வாயே திறந்ததில்லை.

மாலையில் நேரே அந்தத் தெருவுக்குப் போனேன். மெத்தைக்கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஃப்ரிட்ஜ் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம், என் காகிதங்களைத் தொட்டீர்களா என்று பாய்ந்தேன்.

"காகிதமா? அதுல ஒரு வரி எனக்குப் புரியுமா?" என்றார். துணியை மடித்து வைத்துவிட்டுத் தயங்கினார். "வட்டி ஏறப்போற வாரம் நீ சண்டையே போட மாட்டே. சாப்டீங்களான்னு கடைக்குப் போன் பண்ணுவே. ஏறாத வாரம், கட்டில்ல ஈரத்துண்டு கிடந்தா வீடே ரெண்டாகும். நான்தான் விளையாட்டா மெத்தைக்கடையில சொல்லிட்டேன்."

வட்டி ஏறினால் தவணைக்கு ஆள் வராது, இந்த மனுஷன் காலிக் கடையில் உட்கார்ந்திருப்பார். அதைச் சொல்லவும் முடியாமல் உள்ளுக்குள் தவித்தது, நான் வாயை மூடிக்கொண்டாலும் வேறு வழியாக வெளியே வந்திருக்கிறது. பாவி மனுஷன், அதையும் கவனித்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி இரண்டு முறை படித்தார். அந்தத் தெருவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஆராய்ச்சி பிழைத்தது.

"நீங்க கூட்டத்துக்கு வரலாம்மா. ஆனா இனிமே எல்லா வாரமும் வீட்ல ஒரே மாதிரி இருங்க," என்றார். "சண்டையோ பாசமோ, அது உங்க இஷ்டம்."

அன்று வீடு திரும்பினால், கட்டிலில் ஈரத்துண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடியில் போட்டேன். கடைக்குப் போன் செய்து, சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. "ஏறப்போகுதா?" என்றார், ஈனக்குரலில்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "இனிமே தினமும் கேப்பேன்."