பாத்திரம் என்று எழுதிய பெட்டி

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மையால் குண்டு குண்டாக "பாத்திரம்" என்றுதான் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டுத்தான் அதைப் பாத்திரங்களோடு பாத்திரமாக அடுக்கினேன். இதில் என் பிழை என்ன இருக்கிறது என்று மச்சானிடம் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வண்டியில் இரண்டு பேருடைய சரக்கு இருந்தது. ஒன்று, வீடியோ கேம் கடை வைத்திருக்கும் அக்காவுடையது. கடையைக் கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர்தான், ஆனால் கடைக்காரர் என்றால் எனக்கு அக்காதான். மற்றது, ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குப் புதிதாக வாங்கிய அண்டா, குண்டான், கரண்டி வகையறா. ஒரே வழிதானே என்று மச்சான் இரண்டையும் ஒரே நடைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். வண்டி அவருடையது, முதுகு என்னுடையது.

அக்கா விளையாட்டுகளை வகைவகையாகப் பிரித்து, பெட்டிக்குப் பெட்டி எழுதி ஒட்டியிருந்தார். ஓட்டம், பந்து, புதிர், சண்டை. சண்டையைப் பந்துக்கு மேலே வைக்காதே மாப்பிள்ளை, இறங்குவதற்குள் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும் என்று மச்சான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். கேன்டீனில் பாத்திரங்களை இறக்கினோம். பிறகு அக்காவின் புதுக் கடைக்கு வந்து மிச்சத்தை இறக்கினோம். எல்லாம் இறங்கிய பிறகும் அக்கா வண்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்திரம் எங்கண்ணே?"

கேன்டீனில் பத்திரமாக இறக்கியாயிற்று, ஒரு கீறல்கூட இல்லை என்றேன்.

"அது என் பாத்திரம்ண்ணே."

உங்கள் வீட்டு அடுக்களைச் சாமானும் இதில் இருந்ததா என்று நான் கேட்க, அக்கா அப்படியே புதிர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கதையில் வருகிற ஆளைப் பாத்திரம் என்கிறார்களே, அந்தப் பாத்திரமாம். நாமே ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுகிற விளையாட்டாம். அவ்வளவையும் எழுதப் பெட்டியில் இடம் போதாமல் முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டாராம். பெட்டிக்குள் விளையாட்டுத் தட்டுகளோடு அவருடைய சொந்தக் கேம் மெஷினும் இருந்தது. அந்த மெஷினுக்குள், பழைய கடை திறந்த நாளிலிருந்து அவர் வளர்த்துவரும் ஒரு பெண் இருந்தாள்.

மூவரும் வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு கேன்டீனுக்குத் திரும்பினோம். அக்காவின் முகத்தைப் பார்த்து மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. போனால் போகிறது, புதிதாக ஒன்று போட்டு ஆடிக்கொள்ளலாமே என்றார். வண்டி ஓட்டுகிற ஆட்டமென்றால் அப்படிச் செய்யலாம், இதில் ஆள் போனால் போனதுதான் என்றார் அக்கா. அடிபட அடிபடப் பலம் கூடும், பழகப் பழகப் புது வித்தை வரும், பையில் சாமான் சேரும். அப்படி ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டுவந்த ஆள் அவள்.

அந்தக் கணக்கில் நானும் பாத்திரம்தான், மூட்டை தூக்கித் தூக்கி என் தோளும் பலமேறியிருக்கிறது என்றேன்.

"உங்க தோள் ஏறலண்ணே, தேஞ்சிருக்கு."

மச்சான் சிரித்ததில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பலம் கூடுவதுதான் பாத்திர விளையாட்டின் அடையாளம் என்றால், அவர் தங்கை பிள்ளைகள், அதாவது என் பிள்ளைகள், ஆடுகிற பந்தாட்டத்திலும் கூடுகிறதே என்று அவர் விடாமல் பிடித்தார். வாளும் மந்திரமும் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லையாம். நீளமான கதை? அது மற்றதிலும் உண்டாம். பிறகு எதைப் பார்த்துத்தான் பெட்டி பிரிக்கிறீர்கள் என்று மச்சான் கேட்க, அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"மத்த ஆட்டத்துல நீ எவ்வளவு கெட்டிக்காரன்னு பார்க்கும். இதுல நீ யாருன்னு கேட்கும். நாம என்ன செய்றோமோ அதுதான் பதில்."

உங்கள் பெண் என்ன பதில் சொன்னாள் என்றேன். அவள் எல்லா வேலையையும் முடித்துவிட்டாள், கடைசி வாசல் ஒன்றுதான் பாக்கி என்றார். அந்த வாசலுக்குள் போனால் திரும்பி வர முடியாது. உள்ளே ராஜாவோடு சண்டை, அதோடு கதை முடிந்துவிடும். அதனால் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்து, ஊருக்குள் சும்மா உலாவ விட்டுக்கொண்டிருக்கிறார். பழைய மெஷின், ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் அதில் சேமித்து வைக்க முடியும். யாராவது கைவைத்தால் அவ்வளவுதான்.

கைவைத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது, சுவரில் மாட்டிய பெரிய டிவிக்கு முன்னால் சமையல்காரர் இடுப்புத்துண்டோடு நின்று பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பாத்திரம் வாங்கியதற்குக் கடைக்காரன் இலவசமாகப் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாராம். அடுப்பு பற்றுவதற்குள் மாட்டிப் பார்த்திருக்கிறார்.

என்ன செய்தீர்கள் மாஸ்டர் என்று அக்கா மெல்லக் கேட்டார். அவர் பெருமையாகவே சொன்னார். பெண் பிள்ளை ஒன்று ஊருக்குள் நின்றது. ஊர்க்காரர்கள் வந்து பசி என்றார்கள், காயம் என்றார்கள். அதன் பையில் ரொட்டியும் மூலிகையும் நிறைய இருந்தன.

"கேட்டாங்க, குடுத்தேன். அத்தனைய வச்சுக்கிட்டு எப்படி இல்லன்னு சொல்றது?"

"எல்லாத்தையுமா?"

எல்லாவற்றையும்தான். அப்புறம் ஒரு பெரிய வாசல் வந்ததாம். காவல்காரன் ஒருவன், உள்ளே வந்தால் திரும்ப முடியாது, வருகிறாயா என்று கேட்டானாம். வா என்று கூப்பிடுகிற இடத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டா வருவது? சரி என்று அமுக்கிவிட்டார். சேமிக்கட்டுமா என்று கேட்டதற்கும் சரி என்றுதான் அமுக்கினார்.

அக்கா கத்துவார் என்று நான் ஒரு அடி தள்ளி நின்றேன். அவர் கத்தவில்லை. டிவியையே பார்த்தார். பெரிய மண்டபத்தின் நடுவில் கவசம் போட்ட பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கையை நீட்டி அக்கா அந்தப் பட்டன் பிடியைக் கேட்டார். மாஸ்டர் அதைத் துண்டில் நன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

முதல் சண்டையில் ராஜா அவளை வெளுத்து வாங்கிவிட்டான். காயம் ஆற்ற ஒரு இலைகூடக் கையில் இல்லை. செத்தால் மறுபடி மண்டபத்திலிருந்து தொடங்குகிறது, வெளியே விடுவதில்லை. இதற்குள் சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் தட்டோடு வர ஆரம்பித்தார்கள். குனி என்றான் ஒருவன், ஓடு என்றான் இன்னொருவன். வெல்டிங்காரர் ஒருவர் காலைப் பார்த்து வெட்டச் சொன்னார். அக்கா யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. செத்துச் செத்து எழுந்து, ராஜா எந்தப் பக்கம் வீசுவான் என்று மனப்பாடமாகி, ஒரு தடவை மண்டிபோட வைத்தே விட்டார். சாப்பாட்டுக் கூடமே தட்டைத் தட்டியது.

அப்போது திரை கறுத்து ஒரு கேள்வி வந்தது. ராஜாவை மன்னிப்பாயா, சிம்மாசனத்தில் அமர்வாயா, எதுவும் வேண்டாமென்று போவாயா?

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இவ என்ன செய்வான்னு எனக்குத் தெரியலையே" என்றார். இத்தனை காலமும் பலத்தை ஏற்றியதோடு சரி, ஆள் எப்பேர்ப்பட்டவள் என்று யோசித்ததே இல்லையாம்.

மாஸ்டர் கரண்டியோடு பக்கத்தில் வந்தார். மன்னித்துவிடுவாள், காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவள் ஆயிற்றே என்றார்.

"அது நீங்க குடுத்தது மாஸ்டர்."

"அந்த ஊர்க்காரங்களுக்கு என்னைத் தெரியுமா? அவ குடுத்தான்னுதானே சொல்வாங்க."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்துவிடு என்று பாதிக் கூடம் சொன்னது. போய்விடு என்றது மீதி.

"எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. வாசல்லயே நின்னு நின்னு அவளுக்குக் கால் வலிச்சிருக்கும்" என்று சொல்லி, சிம்மாசனத்தை அமுக்கினார்.

அவள் உட்கார்ந்தாள். கொஞ்சம் சாய்ந்தும் உட்கார்ந்ததுபோல இருந்தது. இரக்கமில்லாதவள் என்று ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான். பாட்டு வந்தது, எழுத்துகள் ஓடின, கடைசியில் வெள்ளையாக ஒரு கட்டம் மட்டும் நின்றது. புதிய ஆட்டம், பெயர் என்ன என்று கேட்டது.

இவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். வைக்கவே இல்லையாம், மெஷின் தானாகப் போட்ட "வீரர்" என்பதையே விட்டுவிட்டாராம். கடை திறக்கிற அவசரம்.

மச்சான் வெளியே போய் ஹாரன் அடித்தார். கடையில் பெட்டிகளெல்லாம் பிரிக்காமல் கிடக்கின்றன என்று நினைவுபடுத்தினேன். மாஸ்டர் ஒரு தட்டில் சோறு போட்டு அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"அண்ணே, அடுத்தவ கொஞ்சம் பொய் பேசுறவளா இருந்தா பரவால்லதானே?" என்றார் அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். தாராளமாக என்றேன். கட்டத்தில் ஒரு எழுத்தை அமுக்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அழித்தார்.