ரெண்டு கைக்கு ரெண்டு பெட்டி

என் வீட்டுக்காரர் சுலைமான் லத்தா பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பூட்டு, கீல், தாழ்ப்பாள், ஆணி. ரங்கூனில் பாதி வீட்டைக் காப்பது தன் கடைப் பூட்டுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவரின் நெஞ்சுக்குள்ளேயே ஒரு கதவு சரியாகச் சாத்திக்கொள்ள மாட்டேன் என்கிறது. வால்வில் பழுது. சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு என்றார். கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். இந்த மனிதர் அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கல்கத்தா வரைக்கும் விமானம், அங்கிருந்து சென்னைக்கு ரயில் என்று ஏற்பாடு. மகள் அப்ஸானாவுக்கு நிறைமாதம். மருமகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் இந்த ஊரில் பிறந்து, இப்போது குடியிருக்கும் இதே பசுந்தாங் பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, ரயிலில் பக்கத்து ஊரான பெகுவைத் தாண்டிப் போனதில்லை. அவரும் போனதில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது ஆபரேஷனை நினைத்து. தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு எழுந்து வந்தால் இவர் விழித்துக்கொண்டு கேட்பார்: "ஏம்புள்ள மதீனா, ரயில்ல பெட்டிய எங்க வைப்பாங்க?"

எல்லாம் எதிர்க்கடை சுப்பையா அண்ணன் பற்ற வைத்த நெருப்பு. போன வருஷம் இந்தியாவுக்குப் போய் ரயிலில் ஒரு பையையும் ஒரு ஜோடிச் செருப்பையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அவர். செருப்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் குரல் கம்மும். "தங்கச்சி, அங்க பெட்டிய சங்கிலி போட்டு சீட்டோட சேத்துப் பூட்டணும். இல்லாட்டி கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள காணாமப் போயிரும்" என்று எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே கடையிலிருந்து சங்கிலி வந்துவிட்டது. நாய் கட்டுகிற சங்கிலி இல்லை, மாடு கட்டுகிற சங்கிலி.

அதோடு விட்டாரா? சென்னையில் இருக்கும் மாமி மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா என்று உலர்ந்த இறால், ஊறுகாய் மாதிரித் தின்னும் ஊறவைத்த தேயிலை, இரண்டு புதுக் கைலி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அத்தனையையும் தரையில் கொட்டினார்.

"உனக்கு எத்தன கை?"

"ஏன், கண்ணு தெரியலையா?"

"ரெண்டு கை. அப்ப ரெண்டு பெட்டி. அதுக்கு மேல ஒரு துணுக்கு வரக் கூடாது."

"உங்களுக்கு அல்லா கையே குடுக்கலையாக்கும்?"

"டாக்டர் தூக்கக் கூடாதுன்னுட்டாரு புள்ள" என்று சாதுவாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனக்கென்று இரண்டு பழைய கைலி, இரண்டு சட்டை. அதையும் பெட்டியில் வைக்கவில்லை. கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டார். பெருநாளைக்கு அப்ஸானா எடுத்துக் கொடுத்த பச்சைக் கைலி, கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டு எல்லாம் அலமாரியிலேயே கிடந்தன. "அங்க நாலு பேர் வீட்டுக்குப் போகும்போது இந்தக் கந்தலையா கட்டுவீங்க?" என்றேன். "ஆஸ்பத்திரியில யாரு வந்து பாக்கப் போறா" என்றார். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

புதன்கிழமை பயணம். அதற்கு முந்தின ஞாயிறு காலையில் ஒத்திகை பார்க்கவேண்டும் என்று நின்றார். ஊரைச் சுற்றும் ரயிலில் பசுந்தாங்கில் ஏறி, பெட்டிகளைச் சங்கிலி போட்டுப் பூட்டி, தின்கன்ஜூனில் பூட்டைத் திறந்து இறங்க வேண்டும். அப்ஸானா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பிரியாணி என்ற ஒரே வார்த்தைக்காகத்தான் நான் கிளம்பினேன். பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"ஆணி. கொஞ்சம் கீல். எடை சரியா இருக்கணும்ல?"

யா அல்லா! ஊரில் பெண்கள் பெட்டியில் சேலை வைப்பார்கள். நான் ஆணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். முன்னால் அவர் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கைவீசி நடந்தார். பசுந்தாங் கடைத்தெருவே என்னைப் பார்த்தது. மீன்காரி ஒருத்தி, "அக்கா, சண்டை போட்டுக்கிட்டு அம்மா வீட்டுக்கா?" என்று பர்மியத்தில் கேட்டே விட்டாள்.

ஸ்டேஷனில் அடுத்த கூத்து. திடீரென்று துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, கல்கத்தா கூலிக்காரன் மாதிரி என் முன்னால் வந்து நின்று, தெரிந்த அரைகுறை இந்தியில் பெட்டி தூக்க நூறு ரூபாய் என்று கேட்டார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மானத்த வாங்காதீங்க, துண்ட எறக்குங்க."

"அவன் அப்படித்தான் வந்து மறிப்பான். நீ பாதி சொல்லணும். சொல்லு."

"வேற ஆளப் பாத்துப் போய்யா!" என்று கத்தினேன்.

"ம், இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று துண்டை அவிழ்த்தார்.

ரயில் வந்தது. ஏற்றியதும் நான்தான், பெஞ்சுக்கடியில் தள்ளியதும் நான்தான். அவர் எதிரே உட்கார்ந்து வாயால் வேலை பார்த்தார். சங்கிலியைக் கைப்பிடிக்குள் விடு, பெஞ்சுக் காலில் சுற்று, இழுத்துப் பார். கடையில் புதிதாக வந்த சீனப் பூட்டு ஒன்றை நீட்டினார். "யானை மிதிச்சாலும் தெறக்காது." பூட்டியதும் சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நூலில் கோத்து என் கழுத்தில் மாட்டச் சொன்னார். "சாவி உங்கிட்டதான் இருக்கணும்" என்றார். அதற்கும் மேலே, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "எண்ணு!" என்று உத்தரவு. நான் குனிந்து பெஞ்சுக்கடியைப் பார்த்து "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டாவது ஸ்டேஷனிலிருந்து என்னோடு சேர்ந்து பர்மியத்தில் எண்ண ஆரம்பித்தார்கள்.

தின்கன்ஜூன் வந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். திரும்பவில்லை. அமுக்கினேன், ஆட்டினேன், பூட்டைத் தரையில் அடித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், யானை மிதித்தாலும் திறக்காது. பிளாட்பாரத்தில் அப்ஸானா ஒரு கையில் குடையும் ஒரு கை இடுப்பிலுமாக நின்றாள். அந்த வயிற்றோடு எங்களை அழைத்துப்போக வந்திருந்தாள்.

"வாப்பா, எறங்குங்க! வண்டி கெளம்புது!"

"பூட்டு தெறக்கலம்மா!"

"யாரு கடப் பூட்டு?"

அவர் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஆணிதானே, விட்டுட்டு எறங்குவோம்" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "அங்க போயும் இப்படித்தான் விட்டுட்டு எறங்குவியா?" என்று கேட்டார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அப்ஸானா தலையில் அடித்துக்கொள்வது ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது.

இந்த ரயிலில் ஏறித் தூங்கிப்போனால்கூட ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். ஆனால் ஊரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான். மறுபடி தின்கன்ஜூன் வர மத்தியானம் தாண்டிவிடும். எனக்குக் கொலைப்பசி. என் வாய்க்கு வந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். கல்யாணத்தன்று என் வாப்பாவின் காரைப் பாதி வழியில் பழுதாக்கியதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் என் வாய் தானாக அடைத்துக்கொண்டது. அதுவும் ஒரு எரிச்சல். நிம்மதியாகத் திட்டவும் முடியாத நோய்.

இன்செயின் ஸ்டேஷன் பக்கம் சுரைக்காய் பஜ்ஜி விற்கிறவள் ஏறினாள். வாங்கித் தின்றேன். அவருக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது, கொடுக்கவில்லை. தின்று முடித்துவிட்டுப் பார்த்தால் பொட்டலம் கட்டிய தாளில் எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. கழுத்திலிருந்து சாவியை எடுத்து அந்தத் தாளில் நன்றாகப் புரட்டி, பூட்டுக்குள் விட்டு, எடுத்து, மறுபடி புரட்டி விட்டேன். பிஸ்மி சொல்லித் திருப்பினேன். டக்கென்று திறந்துகொண்டது. கீரைக்காரிகள் இறங்கிப் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் கைதட்டியிருப்பார்கள்.

அவர் சிரித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"போதும் மதீனா. நீ சமாளிச்சிருவே."

"என்னத்த சமாளிக்க?"

"திரும்பி வர்றத." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "போறப்ப நான் கூட இருப்பேன். வாயாலயாவது சொல்லிட்டு வருவேன். வர்றப்ப எப்படியோ, யாருக்குத் தெரியும்? கல்கத்தா மொழி தெரியாத ஊரு. நீ ஒத்தையா பெட்டியப் பறிகொடுத்துட்டு ஸ்டேஷன்ல அழுதுகிட்டு நிக்கக் கூடாதுல்ல."

ரெண்டு கை, ரெண்டு பெட்டி என்று இத்தனை நாளாக இந்த மனிதர் உயிரை வாங்கியது இதற்குத்தானா? கூலிக்காரனிடம் பேரம் பேசச் சொன்னதும், சாவியை என் கழுத்தில் மாட்டியதும் நான் தனியாகத் திரும்பி வருவதற்கா? கந்தல் கைலி சுருட்டி வைத்த அந்தத் துணிப்பை அவர் தோளில் தொங்கியது. ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு வந்தாலும் யாரும் தேடாத பை.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்க முடிந்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அதற்கும் அவரையே திட்டினேன். பயமாக இருந்தது. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கையைத்தான் பிடித்துக்கொண்டேன். தின்கன்ஜூன் வரும்வரை விடவில்லை. எண்ணச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

அப்ஸானாவிடம் எதையும் சொல்லவில்லை. ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டோம். "சீனப் பூட்ட இனிமே வாங்கக் கூடாது" என்று மட்டும் அவர் மருமகனிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் அலமாரி மேலே கிடந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். பச்சைக் கைலியை வைத்தேன். கோட்டை வைத்தேன். பெருநாள் சட்டை, தோல் செருப்பு, அத்தர் புட்டி, பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் போட்டுக்கொள்ள என்று வாங்கி வைத்திருந்த தொப்பி, ஒன்றையும் விடவில்லை. அந்தச் சீனப் பூட்டுக்கே எண்ணெய் போட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

புதன்கிழமை காலை டாக்ஸிக்காரர் கீழே தொங்கும் கயிற்றை இழுத்து எங்கள் பால்கனி மணியை அடித்தார். வாசல் கதவருகே மூன்று பெட்டிகள் நிற்பதைப் பார்த்து இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"உங்க பெட்டி." சாவியை அவர் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"எடை கூடிரும் புள்ள. உனக்கு ரெண்டு…"

"ரெண்டு கைதான். அதத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "நீங்க தூக்க வேணாம். போறப்ப கூலிக்காரன் தூக்கட்டும், வர்றப்பவும் அவனே தூக்கட்டும். அவன் பின்னாடி கைவீசிக்கிட்டு நடந்து வந்தாப் போதும். ஆனா வரணும். இதத் தூக்கிட்டு வர எங்கிட்ட மூணாவது கை கெடையாது."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். கீழேயிருந்து மறுபடி மணி அடித்தது.

"எண்ணுங்க" என்றேன்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு." மூன்றாவதை வாய்க்குள்ளேயே சொன்னார்.

"சத்தமா."

"மூணு" என்றார்.