மீன் கூடைக்கு ஒரு நட்சத்திரம்

அகராதி அலுவலகத்தில் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆதி ஸ்லாவிய மொழியில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. ரஷ்யன், போலிஷ் போன்ற பேரப்பிள்ளை மொழிகளின் முகஜாடையை வைத்துப் பாட்டன் முகத்தை நாங்களாக வரைகிறோம். அப்படி ஊகித்த சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் போடுவோம்.

எங்கள் உழைப்பை வேறொரு பதிப்பகம் முந்திக்கொண்டு அச்சிடுகிறது என்று அலுவலகம் புகைந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து சொற்களைக் கசியவிடுபவர் அகப்பட்டால் வேலை போகும் என்று தலைமைப் பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு எதிர்மேசை மீசைக்காரர் மேல் ஒரு கண்.

அந்த வாரம் சரிபார்க்க வந்த தாளில் *துல்வா என்றொரு பெயர்ச்சொல். மீன் கூடையாம். பின்னுதல் என்ற வினையிலிருந்து பிறந்ததாம். ஒருமை, இருமை, பன்மை, ஏழு வேற்றுமை, ஒரு கட்டம் காலியில்லை. பேரப்பிள்ளை மட்டும் ஒன்றுகூட இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

"இது எங்க கெடச்சுது சார்?"

"பொறுமையா பாருங்கம்மா." தலைவர் நிமிரவேயில்லை.

கூடப் படித்தவள் ஒருத்தி, மீன்பிடிச் சொற்களைக் கரைத்துக் குடித்தவள், அந்தப் பதிப்பகத்தில்தான் இருந்தாள். ஊரையே சந்தேகப்படும் எனக்கு அவள் மேல் மட்டும் சந்தேகம் வந்ததில்லை. தாளைப் படமெடுத்து அனுப்பினேன்.

"இப்படி ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியாடி?"

"பாத்துச் சொல்றேன்டி." சொல்லவேயில்லை.

சில மாதங்களில் தலைவர் என்னையும் மீசைக்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய பதிப்பகத்தின் புதிய அகராதி விரிந்து கிடந்தது. *துல்வா, மீன் கூடை, பின்னுதல் என்ற வினையிலிருந்து.

"இப்படி ஒரு சொல்லே கெடையாது. நானே கட்டிவிட்டது" என்றார் தலைவர். எங்கள் தாள்களை அருகருகே வைத்தார். மீசைக்காரருடையதில் சொல் வளைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்திருந்தது. பின்னுதல் என்னிடம் மட்டும்தான் வந்திருக்கிறது.

இதற்கு முன் அவளிடம் கேட்ட சொற்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், விரல்கள் போதவில்லை.

"சரியான்னு கேக்கத்தான் சார் அனுப்பினேன். சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகம்னா எங்கிட்டல்ல வரணும்?"

"வந்தேனே சார்."

அவர் அலுவலகச் சாவியை வைக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

சாவியை வைக்கும்போது மீசைக்காரரின் தாள் கண்ணில் பட்டது. பிறக்காத அந்தச் சொல்லுக்கு அடியில், "சரிபார்த்தேன், பிழை இல்லை" என்று அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போய் அடுத்த தாளை எடுத்தார்.