ஜந்தீராவின் முறை

சாவோ பாலோவில் எவாந்த்ரோவும் அவன் மனைவி ஜந்தீராவும் ஒரே நிறுவனத்தில் விமானிகள். அந்த நிறுவனம் மூடப்பட்டதும் ஃப்ளோரிடாவுக்கு வந்தார்கள். பிரேசில் உரிமத்தை வைத்து அங்கே பயணிகள் விமானம் ஓட்ட முடியாது. அமெரிக்க உரிமத்துக்குப் புதிதாகத் தேர்வு எழுத வேண்டும்.

“முதல்ல நான் பாஸாகிடறேன், நீ குழந்தையப் பாத்துக்க. அப்புறம் உன் முறை” என்றான் எவாந்த்ரோ.

அவன் தேறிப் பறக்கத் தொடங்கினான். அவள் முறை ஆறு வருடம் தள்ளிக்கொண்டே போயிற்று. சென்ற மாதம் அவளுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. இனி விமானம் ஓட்டவே கூடாது என்றுவிட்டார் மருத்துவர்.

“அன்னைக்கே உன்னையும் எழுத விட்டிருக்கணும்” என்றான் அவன், சீருடைப் பொத்தானைப் போட்டபடி.

“ஆமா. ஆறு வருஷமாவது ஓட்டியிருப்பேன். சரி, உனக்கு நேரமாச்சு, கிளம்பு.”

அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை.