தெமோ குடிக்காத தேநீர்

1

இந்தக் கதை ஒரு தகரப் பெட்டியோடு சேர்ந்து எனக்கு வந்தது. அம்மா போன பிறகு பெட்டி என் கைக்கு வந்தது. உள்ளே அம்மாவின் அப்பா, என் தாத்தா ஷெவ்கி ஆகாவின் காகிதங்கள் (எங்கள் ஊரில் பண்ணையாரை ஆகா என்போம்): பழைய எழுத்தில் பத்திரங்கள், வரி ரசீதுகள், காணாமல் போன கோவேறு கழுதை பற்றி ஒரு புகார். ரகசியம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் இருப்பது ஊருக்கே தெரியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஷெவ்கி ஆகா குதிரையில் வந்து இறங்கியபோது ஊரே..."

வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைக் குதிரையில் ஏற்றித்தான் பேசுவார்கள். இறக்குவதற்குத்தான் ஆளில்லை.

2

ஊருக்குத் தெரிந்தது இதுதான். நிலத்துக்குப் பத்திரம் எழுத அதிகாரிகள் முதன்முதலாக வந்தபோது, பெயர் கொடுத்தால் பிள்ளையைப் பட்டாளத்துக்கு இழுத்துப்போவார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். அப்போது சிறுவனாக இருந்த தெமோவின் அப்பா, ஓடைக்கு மேலே இருந்த தன் பார்லி மேட்டை ஆகாவின் பெயரில் எழுதச் சொன்னார். ஆகா அவருக்குக் கிரீவ் அல்லவா.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: சுன்னத்தின்போது பையனை மடியில் பிடித்துக்கொள்பவர் கிரீவ். ரத்தம் மடியில் பட்டதும் இரண்டு வீடும் ஒரே வீடு. அதன்பின் அவர்களுக்குள் பெண் எடுக்க முடியாது, வழக்கும் போட முடியாது.)

தெமோவை மடியில் பிடித்தவர் ஆகாதான். கடைசியில் தெமோ பட்டாளத்துக்கும் போனார், மேடும் போனது. தன் அப்பாவின் மண்ணில் உழுது, பாதி விளைச்சலை எங்கள் களஞ்சியத்தில் கொட்டினார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

3

ஆகா செத்து, பெட்டி என் அம்மா நாஸேயிடம் இருந்தபோது, நில அளவைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் யார் பெயரை எழுதுகிறார்களோ மண் அவருக்கே. அதற்கு முந்தின நாள் தெமோ வீட்டுக்கு வந்தார். இனி அம்மாவின் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

நாஸே தேநீர் வைத்தாள். தெமோ தொடவில்லை. எங்கள் ஊரில் ஒன்றைக் கேட்க வந்தவன், சரி என்ற சொல் கிடைக்கும்வரை குடிக்கமாட்டான்.

"குடிங்கண்ணே, ஆறிடும்."

"ஆறட்டும் தங்கச்சி."

"சர்க்கரை பத்தலையா?"

"உங்க வீட்டுச் சர்க்கரைக்கு என்ன குறை? எங்க மேட்டுப் பார்லில வாங்குனதுதானே."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பட்டணத்துல தம்பி இருக்கான். அவனைக் கேக்காம நான் எப்படி..."

"உன் தம்பி மடியிலயா என் ரத்தம் விழுந்துச்சு? கோர்ட்டுக்குப் போலாம்ங்கறான் என் மவன். கிரீவ் வீட்டு மேல கேசு போடுவியாடான்னு நாலு சாத்து சாத்திட்டு வந்திருக்கேன். நீ ஒரு வார்த்தை சொல்லு போதும்."

நாஸே வாயைத் திறந்து

4

(அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.)

ஒரு முடிவு: "குடிங்கண்ணே, மேடு உங்களோடது" என்கிறாள். தெமோ ஒரே மூச்சில் குடிக்கிறார். எழுதிவிட்டு நானே அழுதேன். பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இன்னொன்று: தெமோ டம்ளரைத் தட்டிவிட்டு... இல்லை, அவர் அப்படிப்பட்ட மனிதர் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா இரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தெமோ எழுந்து போனார். மறுநாள் மேடு எங்கள் பெயரில் ஏறியது.

5

இப்போது அது என் பெயரில் இருக்கிறது. அம்மாவைக் காகிதத்தில் தாராள மனசுக்காரி ஆக்குவது எனக்குச் செலவில்லாத வேலை, அதனால்தான் அடித்தேன்.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது தெமோவின் பேத்தி ரோஜ்பின் வந்தாள். தேநீர் வைத்தேன். அவள் தொடாமல் இருப்பாள், நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே டம்ளரை அவள் முன் வைத்தேன். அவள் டம்ளரை எடுத்து, ஊதி ஊதி முழுவதும் குடித்தாள்.

"நான் எதுவும் கேக்க வரலை சார். கேசு போட்டிருக்கோம். வேற யாராச்சும் சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் வந்தேன்."

போன பெருநாள்வரை என்னை மாமா என்று கூப்பிட்டவள்.

விசாரணை அடுத்த வாரம். மேடு யாருடையது என்று நீதிபதி என்னைத்தான் முதலில் கேட்பாராம். என் பதிலுக்காகக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். என் கையால் அதை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நீங்களே எழுதுங்கள்.

....................................